பார்த்த படம் எங்கே நழுவுகிறது?

மாங்குளத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: தரம் 10இல் படிக்கும் தம் மகன், கரும்பலகையிலுள்ள இதயத்தின் படத்தைக் கொப்பியில் வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறானாம், அவனுக்கு ஞாபகசக்தி குறைவோ என்று அவர் அஞ்சுகிறார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் அந்தக் கவலை விளங்குகிறது. ஆனால் பிள்ளையின் மூளை முறையாகவே வேலை செய்கிறது.

ஒரு காட்சி மறைந்ததும் அதன் விவரங்களிற் பெரும்பகுதி மிகக் குறுகிய நேரம் எஞ்சியிருக்கும். 1960இல் உளவியலாளர் ஜோர்ஜ் ஸ்பேர்லிங் பன்னிரண்டு எழுத்துகளை மூன்று வரிசைகளாக 50 மில்லிசெக்கன் மட்டும் காட்டிவிட்டு, எந்த வரிசையைச் சொல்ல வேண்டும் என்பதை ஓர் ஒலியால் உணர்த்தினார். ஒலி உடனே வந்தபோது, எந்த வரிசையைக் கேட்டாலும் பங்குபற்றியவர்கள் நான்கில் ஏறக்குறைய மூன்று எழுத்துகளைச் சொன்னார்கள். ஒரு செக்கன் தாமதித்தபோது, ஒலி உடனே வந்ததால் கிடைத்த அந்த அனுகூலம் மறைந்துவிட்டது. அதன் பின்பும் தங்குவதே காட்சிசார் குறுங்கால நினைவு. ஸ்டீவன் லக், எட்வேர்ட் வோகல் இருவரும் 1997இல் நிறச் சதுரங்களைக் கொண்டு அதன் கொள்ளளவை அளந்தபோது, மூன்று சதுரங்கள் வரை பிழைகள் மிக அரிதாகவே இருந்தன; நான்கிலிருந்து பெருகத் தொடங்கின.

டேனா பலார்டும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட சோதனை தாயாரின் கேள்விக்கு நேரடியாகவே விடையளிக்கிறது. நிறக்கட்டைகளாலான ஒரு மாதிரியைப் பார்த்து அதேபோல் அடுக்கச் சொன்னபோது, பங்குபற்றியவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டைக்கு இரண்டு தடவை மாதிரியைப் பார்த்தார்கள்: நிறத்தை அறிய ஒரு தடவை, இடத்தை அறிய இன்னொரு தடவை. கண்முன்னே இருப்பதை உள்ளே சுமப்பதைவிட மறுபடி பார்ப்பது மூளைக்கு இலகுவானது. சோணையறை எது, இதயவறை எது என்று பிள்ளை நன்கு கற்றுவிட்டால் பல கோடுகள் சேர்ந்து ஒரே பொருளாகிவிடும். நிமிர்ந்து பார்ப்பதும் தானாகக் குறையும். பரீட்சைக் காலத்தில் ஞாபகசக்திக்கென்று யந்திரத் தகடுகளையும் மந்திரித்த கயிறுகளையும் பெற்றோருக்கு விற்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. இந்தச் சிறிய கொள்ளளவு மனித மூளையின் பொது இயல்பு. எந்தக் கயிற்றாலும் அதைப் பெருப்பிக்க முடியாது. இச்சோதனைகளிற் பலவற்றுக்கு ஒரு கணினித் திரையே போதும் என்பதால், வவுனியாப் பல்கலைக்கழகம் போன்ற நம் அயலிலுள்ள நிறுவனங்கள் வன்னிப் பிள்ளைகளிடம் அவற்றை நடத்துவதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சில பொருள்களை மூளை எப்படித் தாங்குகிறது, எப்படி இழக்கிறது என்பதே இந்த விடயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. திரையில் ஒரு புள்ளி தோன்றி மறைகிறது. அது இருந்த திசையைச் சில செக்கன்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். மூளையின் முன்பகுதியான நுதற்சோணையில், ஒவ்வொரு திசைக்கும் கூடுதலாகத் துடிக்கும், அதாவது மின்சமிக்ஞை எழுப்பும், நரம்புக்கலங்கள் உள்ளன. புள்ளி மறைந்த பின்பும் அந்தத் திசைக்குரிய கலங்கள் ஓய்வதில்லை. ஏனெனில் அண்மைத் திசைகளுக்குரிய கலங்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கின்றன, தொலைத் திசைகளுக்குரியவற்றை வேறு கலங்கள் அடக்கிவைக்கின்றன. நெல் விளையும் காலத்தில் யானைக்காவலுக்குப் பரண்களில் இருப்பவர்கள், ஒருவர் கூப்பிட அடுத்தவர் குரல் கொடுத்து, இரவெல்லாம் ஒருவரையொருவர் விழித்திருக்கச் செய்வதைப் போன்ற ஏற்பாடு இது. யானை காட்டுக்குள் போன பின்பும் குரல்கள் தொடரும். ஆனால் குரல் ஓங்கி ஒலிக்கும் பரண் சிறிது சிறிதாக மாறிக்கொண்டு போகலாம். நரம்புக்கலங்களின் துடிப்பில் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம் எப்போதும் இருப்பதால், துடிப்பு மிகுந்த மேடு ஒரு பக்கமாக நகர்கிறது. எல்லாத் திசைகளும் இக்கலங்கள் சேர்ந்த வலையில் சமமானவை என்பதால், நகர்ந்ததைப் பழைய இடத்துக்கு இழுத்துவர அங்கே எதுவுமில்லை. அல்பேட் கொம்ப்தேயின் குழுவினர் 2014இல் குரங்குகளின் மூளைப் பதிவுகளில் இதைக் கண்டார்கள்: புள்ளி இருந்த இடத்தை நினைவிலிருந்து நோக்கிய குரங்கின் பார்வை சரியான இடத்திலிருந்து எப்பக்கம் விலகி விழுந்ததோ, அப்பக்கத்துக்குரிய கலங்களே காத்திருப்பு நேரத்தின் இறுதியில் கூடுதலாகத் துடித்திருந்தன. நினைவு அழியாமலே இடம்மாறியிருந்தது.

ஒரே வலையில் மூன்று நான்கு மேடுகள் நின்றால், அடக்கும் கலங்கள் எல்லாவற்றையும் நெருக்குகின்றன. அருகருகே உள்ள இரண்டு ஒன்றாகிவிடலாம், ஒன்று தாழ்ந்து அணைந்தும்விடலாம். கொள்ளளவு ஏன் சிறியது என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். சில நினைவுகள் துல்லியம் குறையாமலே நின்று, பின்னர் அடியோடு இல்லாமற்போகின்றன என்று வெய்வெய் சாங்கும் லக்கும் 2009இல் வாதிட்டார்கள். நகர்வையே முதன்மையாகக் கருதுவோரும் உளர். கலங்களின் துடிப்பிலேயே காணப்பட்டதால் எனக்கு நகர்வு விளக்கமே வலுவானதாகத் தோன்றுகிறது.

எனினும், துடிப்பு மட்டுமே நினைவைத் தாங்குவதில்லை என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஒரு கலம் துடித்த பின்பு அதன் நரம்பிணைப்புகளில் எஞ்சும் கல்சியம், அந்த இணைப்புகளை ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு வலுப்படுத்தி வைத்திருக்கும் என்று 2008இல் ஒரு கோட்பாடு முன்வைக்கப்பட்டது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பங்குபற்றியவர்கள் இரண்டு விடயங்களை நினைவில் வைத்துக்கொண்டு ஒன்றில் மட்டும் கவனம் செலுத்தினார்கள். மற்றதன் தடயம் மூளைப் பதிவுகளில் காணமுடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பொன்றைச் செலுத்தியதும், அது மீண்டும் பதிவில் தெரியத் தொடங்கியது.