தாத்தா ரேடியோவைப் பிளக்கில் சொருகும் முன்

வீட்டில் பழைய வால்வ் ரேடியோ (உள்ளே கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள் சூடேறிப் பாடும் வகை) ஒன்று கிடந்தால், "ஒருதடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்று நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். மிச்சத்தைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு போய்விடலாம். நேரம் இருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்கிறேன்.

ஹட்டன் பக்கத்தில் ரேடியோ, டீவி திருத்தும் தொழில் எனக்கு. கொஞ்ச காலத்துக்கு முன்பு வரை வால்வ் ரேடியோ என்றால் பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுத்துப்போகும் சாமான். இப்போது கதை மாறிவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் கிடந்த பெட்டியைத் தேடி எடுத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எல்ல, நுவரெலியா பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர்கள், முன்கூடத்தில் வைக்க எங்கிருந்தோ விலைக்கு வாங்கி வருகிறார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அதில் எந்த ஊர் வானொலியும் கேட்கும். அப்படி இருந்தும், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய, சூடேறி, இரைந்து, நாற்பது ஐம்பது வாட் கரண்டு குடிக்கிற ஒரு பெட்டிக்குக் காசு செலவழிக்கத் தயாராக வருகிறார்கள்.

இதைக் கிறுக்குத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். சுவிட்சைத் திருகினால் முதலில் டயல் விளக்கு மட்டும் எரியும். வால்வுகள் சூடேற அரை நிமிடம் போலப் பிடிக்கும். அதுவரை சும்மா நிற்கத்தான் வேண்டும். பிறகு மெல்ல ஒரு முனகல், அப்புறம் குரல். சில செட்டுகளில் பச்சை வெளிச்சத்தில் ஒரு 'கண்' இருக்கும். நிலையம் சரியாகப் பிடிபட்டால் அதன் நிழல் ஒடுங்கும். ஒரு குமிழ் ஒரு வேலைதான் செய்யும். என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். எது கருகியிருக்கிறது, எது உப்பியிருக்கிறது என்று பார்த்தே பாதி நோயைச் சொல்லலாம். இன்றைய செட்டில் ஒரு சிப் போனால் போர்டையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

மலையகத்துக்காரர்களுக்கு இந்த ஆசையில் கொஞ்சம் வரலாறும் கலந்திருக்கிறது. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. மலைத்தண்ணீரில் எடுத்த கரண்டு கொழும்புக்குப் போனது. பக்கத்துத் தோட்டத்து லயக்காம்பராக்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அது வந்துசேர இன்னும் சில பத்தாண்டுகள் ஆகின. அந்த இடைக்காலத்தில் லயத்தில் ரேடியோ வைத்திருந்தவர்களுடையது பெரும்பாலும் பெட்டரி செட். 90 வோல்ட் உலர் பெட்டரிக் கட்டு ஒன்றில்தான் ஓடும். அது தீர்ந்துபோனால் அடுத்த சம்பளம் வரைக்கும் மௌனம். ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் வேறு எடுக்க வேண்டியிருந்த காலம் அது. கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் தொடங்கிய வானொலி, லயத்து இஸ்தோப்புவரை (வாசல் திண்ணைவரை) வந்துசேர்ந்தது இப்படித்தான். அந்தப் பெட்டியைப் பேரன் தேடி எடுப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, சிக்கலுக்கு வருவோம்.

வால்வ் ரேடியோவில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் உள்ளே கனமான டிரான்ஸ்போமர் இருக்கும். வீட்டுக் கரண்டுக்கும் ரேடியோவின் உடம்புக்கும் நடுவே அது ஒரு தடுப்பு. இன்னொன்றில் அது இருக்காது. ஏசி, டிசி இரண்டிலும் ஓட வேண்டும் என்றும், விலை குறைய வேண்டும் என்றும் செய்த செட் அது. அதில் மெயின் கரண்டின் இரண்டு கம்பிகளில் ஒன்று நேராக உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் வந்து சேரும். நாங்கள் அதைச் சேசி என்போம். பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் சேசியில் வருவது நியூட்ரல், கரண்டு திரும்பிப்போகும் கம்பி. திருப்பிச் சொருகினால் சேசி முழுக்க 230 வோல்ட். ரேடியோ இரண்டு விதத்திலும் ஒரேமாதிரிதான் பாடும். வெளியே இருந்து பார்க்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. மரப்பெட்டி, பின்பக்கம் அட்டை மூடி, பேக்கலைட் குமிழ்கள் என்று கை படும் இடம் எல்லாவற்றையும் மூடித்தான் விற்றார்கள். குமிழை இறுக்கும் சின்னத் திருகாணியைக்கூடக் குழிக்குள் இறக்கி மெழுகு வைத்து அடைத்தார்கள். எழுபது வருஷத்தில் அந்த மெழுகு எங்கே போனதென்று யாருக்குத் தெரியும்? குமிழும் தொலைந்துவிட்டது. பின் அட்டையை எலி தின்றுவிட்டது. குமிழ் இல்லாத தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகுகிறார்கள் பாருங்கள், எனக்குக் கேட்கும்போதே உடம்பு கூசும். அந்தத் தண்டு சேசியோடு ஒட்டிய இரும்பு.

நம் வீடுகளில் இதை இன்னும் மோசமாக்கும் பழக்கம் ஒன்றும் உண்டு. சதுர ஓட்டை உள்ள 13 ஆம்பியர் சொக்கட்டில் மேல் ஓட்டைக்குள் பேனாவை விட்டு அமுக்கி, மூடியைத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைத் திணிப்பது. போன் சார்ஜருக்கு இதைச் செய்து பழகிய கை, ரேடியோவுக்கும் அதையே செய்கிறது. எந்தப் பக்கம் கரண்டு வரும் லைவ், எந்தப் பக்கம் நியூட்ரல் என்பது அப்போது அதிர்ஷ்டம்தான்.

விவரம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்பவர்கள் செய்யும் வேலை வேறு. "பாதுகாப்புக்குத்தானே பாஸ்" என்று மூன்று முனைப் பிளக் மாட்டி, ஏர்த் கம்பியைச் சேசியில் இறுக்கிவிடுவார்கள். டிரான்ஸ்போமர் உள்ள செட்டுக்கு அது நல்ல காரியம். டிரான்ஸ்போமர் இல்லாத செட்டில் அதைச் செய்தால், கரண்டு ஓடும் உடம்பைக் கொண்டுபோய் ஏர்த்தில் கட்டியதாகிவிடும். ஒன்று ட்ரிப் சுவிட்ச் விழும், அல்லது எங்காவது கருகும். அந்த வகைக்கு மூன்று முனைப் பிளக் போடலாம். லைவும் நியூட்ரலும் மட்டும் இணைத்து, சேசி நியூட்ரல் பக்கம் வருகிறதா என்று டெஸ்டரால் பார்த்து, ஏர்த்தை விட்டுவிட வேண்டும். சொக்கட்டுக்குள் லைவும் நியூட்ரலும் மாறிப் போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய லயங்களில் பலர் கைப்பட்ட வயரிங்கில் அது அபூர்வம் இல்லை.

வயரைப் பற்றியும் ஒன்று. சில பழைய செட்டுகளில் மெயின் வயரே கொஞ்சம் சூடாகும். அதைப் பார்த்துப் பயந்து வெட்டிவிட்டுப் புது வயர் போட்டுவிடுவார்கள். அந்த வயருக்குள்ளேயே தடைக்கம்பி சுற்றியிருக்கிறது. வால்வுகளுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது அதன் வேலை. சாதா வயரைப் போட்டால் வால்வுகளின் இழை போய்விடும். மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் துணி சுற்றிய பழைய வயர் உள்ளே ரப்பர் பொடிந்து நிற்கும். மாற்றும்போது அந்தத் தடையை வேறு விதமாக உள்ளே கொடுக்க வேண்டும். அது தெரிந்தவர் செய்கிற வேலை.

"எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை" என்பார்கள். நல்லது, கட்டாயம் இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் பல உயிர்களைக் காப்பாற்றும் சாமான். அது எதைக் காணும், எதைக் காணாது என்று தெரிந்துவைத்திருங்கள். லைவில் போன கரண்டு நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வராமல் பூமிக்கு ஒழுகினால்தான் அது விழும். டிரான்ஸ்போமர் செட்டுக்குள்ளே 250 வோல்ட் போல டிசி கரண்டு இருக்கும். ஒரு கை அதிலும் மறுகை சேசியிலும் பட்டால், உங்கள் நெஞ்சு வழியாகப் போகும் கரண்டு டிரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கமே சுற்றி முடிந்துவிடும். ட்ரிப் சுவிட்சுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டென்சர்களில் மிச்சக் கரண்டு நிற்கும். அதனால்தான் பின்மூடியைக் கழற்றி "சும்மா தூசி தட்டினேன்" என்று வருபவர்களிடம் நான் கோபப்படுகிறேன்.

இனி அந்த முதல் வரிக்கான காரணம். பழைய செட்டில் மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இருக்கும். நம் ஊர்ப் பனியும் ஈரமும் அவற்றுக்கு எமன். ஈரம் இறங்கிய கண்டென்சர் கரண்டைக் கசியவிடும். கடைசி வால்வுக்கு முன்னால் இருக்கும் ஒன்று மட்டும் கசிந்தாலும் அந்த வால்வ் அளவுக்கு மேல் கரண்டு இழுத்து, ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலி டிரான்ஸ்போமரை எரித்துவிடும். இன்னொரு வகைக் கண்டென்சர் பல வருஷம் கரண்டு காணாமல் கிடந்தால் உள்ளே உள்ள படலம் கெட்டுவிடும். திடீரென்று முழுக் கரண்டு கொடுத்தால் சூடாகி வெடிக்கவும் செய்யும். தாத்தா காலத்தில் நன்றாகப் பாடிய ரேடியோ, இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் நாளிலேயே புகைவதற்குக் காரணம் இதுதான். அன்றைக்குக் கெட்டது ரேடியோ இல்லை, அவசரம் கெடுத்தது.

நாங்கள் கடையில் செய்வது, ரேடியோவோடு தொடராக ஒரு இழை பல்பைக் கட்டி அதன் வழியாகக் கரண்டு விடுவது. 60 வாட் அல்லது 100 வாட். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும்; ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல செட்டாக இருந்தால் பல்ப் ஒருதரம் எரிந்து மங்கும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்பும் இப்போது கடைகளில் அருகிக்கொண்டு வருகிறது, கண்டால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்பே காகிதக் கண்டென்சர்களை மாற்றிவிடுவேன். புதுக் கண்டென்சர் விலை பெரிதில்லை. கூலிதான் கொஞ்சம் வரும், அதற்கு மூக்கைச் சுளிக்காதீர்கள்.

செட்டுக்குள் வெள்ளையாக ஒரு தாள், வால்வுக்கு மேலோ சூடாகும் தடைக்குப் பக்கத்திலோ ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். ஏசியை டிசியாக்கும், தட்டுத் தட்டாக அடுக்கிய செலினியம் ரெக்டிபயர் கருகினால் வரும் புகையும் நஞ்சு. அழுகிய முள்ளங்கி நாற்றம் அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

ஏரியல் கம்பியை யூகலிப்டஸ் மரத்துக்குக் கட்டி இழுப்பவர்களுக்கு: ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும் ஊர் இது. வானம் கறுக்கும்போதே கம்பியையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மின்னத் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.

திருத்திக் கொடுத்த பிறகு வரும் முறைப்பாடு, "அண்ணே, ஒரே இரைச்சல்." பெரும்பாலும் ரேடியோவில் குற்றம் இருக்காது. எல்இடி பல்பும் போன் சார்ஜரும் மத்திய அலையிலும் சிற்றலையிலும் கொட்டும் குப்பை அது. தாத்தா வீட்டில் அவை இல்லை. வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். இருட்டிய பிறகு கேளுங்கள். பகலில் மத்திய அலையை விழுங்கும் வான்படலம் ராத்திரி இல்லாமல் போவதால் தமிழ்நாட்டு நிலையங்கள்கூட வந்து விழும். எல்லாம் வந்துவிடாது. பிபிசி தமிழோசை வருமா என்று இன்னும் கேட்கிறார்கள். அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும் இல்லாத நிலையத்தைப் பிடிக்காது.

இந்த ஏமாற்றத்தில்தான் சிலர் உள்ளே உள்ளதை எல்லாம் பிடுங்கிவிட்டு புளூடூத் போர்டு வைக்கச் சொல்கிறார்கள். ஆபத்து என்று பார்த்தால் அதுதான் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே ஒன்றுமே மிஞ்சாத, செல்லரித்த பெட்டிக்குச் செய்து கொடுப்பேன். நல்ல செட்டுக்குச் செய்யமாட்டேன். விடுதிக்கு அழகுக்குத்தான் வேண்டும் என்றால், வயரை வெட்டிவிட்டு டயலுக்குப் பின்னால் பெட்டரியில் ஒரு சின்ன விளக்கு வைத்துத் தருகிறேன். விருந்தாளியின் குழந்தை குமிழைத் திருகினாலும் பயமில்லை.

"பாத்தீங்களா பாஸ், புயல் நேரம் போன் எல்லாம் செத்துப்போச்சு, பழசுதான் உதவும்" என்று ஒருவர் வாதாடினார். பாதி உண்மை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் போனும் சேர்ந்தே போயின. 2022 மார்ச் முடிவில் ஒருநாளைக்கு 13 மணிநேரம் கரண்டு வெட்டிய காலமும் நமக்கு மறக்கவில்லை. அந்த நேரத்தில் வால்வ் ரேடியோவும் வெறும் மரப்பெட்டிதான். மண்சரிவு எச்சரிக்கை கேட்க வேண்டும் என்றால் இரண்டு சின்ன பெட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ஒன்றும், தனியாக எடுத்துவைத்த பெட்டரிகளும் வேண்டும். சரிவான இடத்தில் இருப்பவர்கள் முதலில் அதை வாங்குங்கள். தாத்தா ரேடியோவை அப்புறம் பார்க்கலாம்.

கடைக்குக் கொண்டு வரும்போது பின்மூடி அட்டை, கழன்ற குமிழ், உடைந்த துண்டு எது இருந்தாலும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டு வாருங்கள். பழசாக இருக்கிறதென்று அட்டையை வீசிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அளவு எடுத்து வெட்டி, காற்றுப்போக ஓட்டை போட்டுப் புதிதாகச் செய்ய எனக்கு அரைநாள் போகும், அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும். மூடி இல்லாமல் மட்டும் நான் செட்டைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.