கண்ணாடிக்குப் பாரம் தெரியக் கூடாது

பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் தெருமுனையில் ஒரு தொலைபேசிக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே, கவிழ்த்து வைத்த செம்பைப் போல ஒரு கறுப்புப் பெட்டி. பல ஆண்டுகளாக அதன் அடியில் நடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. சென்ற அக்டோபரில், தொடர்ந்து மூன்று நாள் மாலை மழை கொட்டிய பிறகு, எங்கள் வரிசை வீடுகள் அத்தனையிலும் இணையம் ஒரே நேரத்தில் நின்றது. அப்போதுதான் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. பழுதுபார்க்க வந்த குழுவில் என் மனைவியின் தம்பியும் இருந்தார். பத்து ஆண்டுகளாக ஒளியிழைக் கேபிள் வேலை செய்பவர். அவருக்குக் குடை பிடித்து நின்ற மூன்று மணி நேரத்தில் கண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியைக் ‘குளோஷர்’ என்கிறார்கள். கேபிள் உருளையில் சுற்றி வருவது சில கிலோமீட்டர் நீளம்தான். அது முடியும் இடத்தில் அடுத்த கேபிளுடன் இணைக்க வேண்டும். வீடுகளுக்குக் கிளை பிரிக்கவும் வேண்டும். செம்புக் கம்பியாக இருந்தால் முறுக்கி நாடா சுற்றினால்கூட ஏதோ வேலை செய்யும். கண்ணாடி இழையில் அது நடக்காது. ஓர் இழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன். ஆனால் ஒளி பெரும்பாலும் பயணம் செய்வது அதன் நடுவே உள்ள ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் அகலமான பாதையில். ஒரு பாதை முடியும் இடத்தில் மற்றொன்று இம்மியும் பிசகாமல் தொடங்க வேண்டும். அதற்கென்றே உள்ள கருவி இரு முனைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, நடுவே ஒரு மின்பொறியை எழுப்பி, கண்ணாடியை உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. ஒளி இழப்பை டெசிபெல் என்ற அலகால் அளக்கிறார்கள். நல்ல இணைப்பில் இழப்பு 0.05 டெசிபெல் அளவில் இருக்கும். ஒளியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 1966-இல் பொறியாளர் சார்லஸ் காவ், கண்ணாடி இழையில் இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தாலே தொலைத்தொடர்புக்குப் பயன்படும் என்று எழுதினார். இன்றைய இழையில் அது கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான். ஆகவே 0.05 டெசிபெல் இணைப்பு என்பது இன்னும் 250 மீட்டர் கேபிள் போட்டதற்குச் சமம். பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

ஆனால் உருக்கிச் சேர்த்த அந்த இடத்தில் இழையின் மேற்பூச்சு உரிக்கப்பட்டிருக்கும். வெறும் கண்ணாடி வெளியே தெரியும். கேபிளின் உறை, எஃகு, நார் என்று இழையைக் காத்த எல்லாவற்றையும் நாமே வெட்டி விலக்கியிருக்கிறோம். அவை செய்துவந்த வேலையை இனி குளோஷர்தான் செய்ய வேண்டும். மழை உள்ளே போகாமல் மூடினால் போதும் என்றே நானும் எண்ணியிருந்தேன். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: காற்று, வெயில், கேபிளின் எடை ஆகிய எதன் இழுப்பும் கண்ணாடியை எட்டக் கூடாது. சுமை முழுவதையும் எஃகும் பிளாஸ்டிக்கும் தாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல பொருத்தல் என்பதன் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

எங்கள் தெருவில் தவறியது இதுவே. தொலைபேசி நிலையத்தில் இருந்த சக பணியாளர் பழுதான இழையைக் கழற்றி அதற்குள் ஒளித்துடிப்புகளை அனுப்பினார். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது; சிதறித் திரும்பும் சிறு துளி ஒளி எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பதிலிருந்து கோளாறின் தொலைவைக் கணக்கிடலாம். 2.3 கிலோமீட்டரில், கருவி காட்டிய வரைகோட்டில் ஒரு பள்ளம். 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு 1 டெசிபெல்கூட இல்லை. 1550-இல் 7-ஐத் தாண்டியது. ‘இணைப்பு கெடவில்லை மாமா, எங்கோ வளைந்திருக்கிறது’ என்றார் மைத்துனர், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே. அலைநீளம் கூடக்கூட ஒளியை நடுப்பாதை தளர்வாகவே பிடித்துவைக்கிறது. இழை இறுக்கமாக வளைந்தால் நீள அலை முதலில் நழுவி வெளியேறுகிறது. இணைப்பே மோசமாக இருந்தால் இரண்டு அலைநீளத்திலும் இழப்பு ஏறக்குறைய ஒன்றுபோல் காட்டும்.

பெட்டி கீழே இறங்கி வந்தது. ஏணி உச்சியில் நின்று இணைப்பு வேலை செய்யக் கூடாது என்பதற்காகவே, பொருத்தும்போது கேபிளில் 10, 15 மீட்டர் உபரியாக விட்டுக் கம்பத்தில் சுற்றி வைக்கிறார்கள். வேனின் பின்கதவைத் திறந்து, மடக்கு மேசை போட்டு, அதன்மேல் கறுப்பு விரிப்பை விரித்தார். வெட்டி விழும் கண்ணாடித் துண்டு கறுப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கண்ணிலோ வயிற்றிலோ போனால் அதைவிட ஆபத்து. விழுந்த துண்டுகளை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட புட்டியில் சேர்த்துக்கொண்டே இருந்தார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நான் வாங்கி வந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வேலை முடியும்வரை வேனின் முன்னிருக்கையை விட்டு நகரவில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்: எந்த இழையின் நுனியையும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. 1310, 1490, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கூசும் ஒளியைக் கண்டால் இமை தானே மூடிக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. உருப்பெருக்கியில் பார்ப்பது இன்னும் மோசம், அது ஒளியைக் குவித்து விழிக்குள் அனுப்புகிறது.

மேல்மூடியைக் கழற்றியதும் உள்ளே சிறு தட்டுகள், புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு தட்டிலும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று பன்னிரண்டு நிற வரிசையில் இழைகள் வட்டமாகச் சுற்றியிருந்தன. அருகில் இருந்த கிளைப்பெட்டியிலிருந்து அந்த இழைக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்தினார். தட்டின் ஒரு மூலையில், இழை உள்ளே நுழையும் இடத்தில், கங்கு போல ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. அங்கே இழை தட்டின் விளிம்போடு ஒட்டி, முறுக்கிய நரம்பாக இறுகியிருந்தது. ஒளி கசியும் இடத்தை நேரில் கண்டது எனக்கு அதுவே முதல் தடவை. வழக்கமான இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். அதனால்தான் தட்டின் வளைவுகளே அந்த அளவில் வார்க்கப்பட்டிருக்கின்றன. அந்த வளைவை விட்டு இழையை வெளியே இழுத்தது எது?

கேபிளின் நடுவே ஒரு தடி ஓடுகிறது, எஃகாகவோ கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்காகவோ. பகல் வெயிலில் கேபிள் நீள்கிறது. மழை விழுந்ததும் சுருங்குகிறது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளைக் காற்று ஓயாமல் ஆட்டுகிறது. இந்த ஆட்டத்தில் நடுத்தடி பெட்டிக்குள் புகுவதும் விலகுவதுமாக நகரப் பார்க்கும். அதை அசையவிடாமல் பிடிக்க உள்ளே ஒரு திருகுப் பிடி உண்டு. தடியை அளவாக வெட்டி அதில் நுழைத்து இறுக்க வேண்டும். உறைக்குப் பெட்டியின் வாயிலில் தனிப் பிடி. இழுப்பைத் தாங்கும் மஞ்சள் செயற்கை நாரான அராமிட் இருந்தால் அதையும் திருகில் சுற்றிக் கட்ட வேண்டும். எங்கள் பெட்டியை முன்பு பொருத்தியவர் தடியைப் பிடிக்குள் நுழைத்திருந்தார், திருகை இறுக்கவில்லை. கேபிள் சிறுகச் சிறுகப் பின்வாங்க, இழைகளைச் சுமந்த குழாயும் கூடவே போனது. கடைசியில் இழுப்பைத் தாங்கியது தட்டில் இருந்த கண்ணாடி. இரண்டு நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை அது. சரி செய்ய ஒரு மாலை முழுவதும் ஆனது, தெருவே காத்திருந்தது.

பெட்டிக்குள் நீரும் இருந்தது, கால் குவளை அளவுக்கு. உபயோகிக்காத ஒரு துளையை அதற்குரிய அடைப்பான் போடாமல் நாடாவால் ஒட்டி விட்டிருந்தார்கள். நீர் ஒளியை உடனே தடுப்பதில்லை. ஆனால் கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு. இழுப்பும் ஈரமும் சேர்ந்தால் அவை மெல்ல மெல்ல வளர்ந்து, ஒருநாள் இழை தானாகவே முறிகிறது. எறும்பும் துருவும் தனிக் கதை.

இத்தனை சிறு இடுக்கில் அவ்வளவு நீர் எப்படி ஏறியது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நண்பகல் வெயிலில் கறுப்புப் பெட்டியின் உட்காற்று 60 டிகிரிக்குச் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரிந்த காற்றில் கொஞ்சம் இடுக்கு வழியே வெளியேறிவிடுகிறது. நான்கு மணிக்கு மழை கொட்டிப் பெட்டி 27 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே அழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் குறையும். ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தூக்கிப் பிடிக்கும் உறிஞ்சல் அது. பெட்டி ஒவ்வொரு மாலையும் மூச்சை உள்ளிழுக்கிறது, அதுவும் சரியாக நீர் வழியும் வேளையில். வெயிலும் மழையும் ஒரே பிற்பகலில் மாறி மாறி வரும் பினாங்கில், அடைப்பைவிட மலிவான காப்பு எதுவும் இல்லை.

அடைக்கும் முறையிலும் நுணுக்கம் இருக்கிறது. ரப்பர் வளையத்தின்மேல் ஒரு முடியோ நூலோ குறுக்கே கிடந்தால் போதும், நீர் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே ஏறும். எனவே பள்ளத்தையும் வளையத்தையும் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவிய பிறகே மூட வேண்டும். சூட்டில் சுருங்கும் குழாயால் அடைப்பதாக இருந்தால் கேபிள் உறையை முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குகிறார்கள், சுற்றுவாக்கில் மட்டும். நெடுக்காகத் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் நீருக்கு வெட்டிய வாய்க்காலாகிவிடும். ஒரே துளையில் இரண்டு கேபிள் நுழைந்தால் நடுவே எஞ்சும் முக்கோண இடுக்கை மூட ஒரு கவ்வி இருக்கிறது. அதை மறந்தால் மற்ற எல்லாம் வீண். முடித்தபின் அடைப்பைச் சோதிக்க வழி உண்டு: வால்வு வைத்த பெட்டியில் 40 கிலோபாஸ்கல் அளவுக்குக் காற்றேற்றி, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் கழற்றி மீண்டும் செய்ய வேண்டும்.

எங்களுடையதைப் போன்ற குவிமாடப் பெட்டியை எப்போதும் வாய் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். செம்பைக் கவிழ்த்து வாளி நீரில் அமிழ்த்திப் பாருங்கள், உள்ளே காற்று சிறைப்பட்டு நீரைத் தடுக்கும். பெட்டி வைத்த நிலத்தடிக் குழியில் ஒரு மீட்டர் வெள்ளம் நின்றாலும் அந்தக் காற்று பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுருங்கும். தட்டுகளை நீர் எட்டாது. படுக்கைவாட்டுப் பெட்டிக்கு இந்த வசதி இல்லை. அது அடைப்பை மட்டுமே நம்பியிருக்கிறது. கேபிள்களும் நேராக மேலிருந்து வாய்க்குள் நுழையக் கூடாது. பெட்டிக்குக் கீழே தொங்கி, ஒரு வளைவெடுத்து, மேலேறி நுழைய வேண்டும். அப்போது மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

கம்பத்தில் கட்டும் பட்டை துருப்பிடிக்காத எஃகுதான் என்றாலும் எல்லா எஃகும் ஒன்றல்ல. கடற்காற்றில் உள்ள உப்பு 304 வகையை மெல்லப் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 வகை நெடுநாள் தாங்கும். கரையோர ஜெலுத்தோங்கில் இந்த வேறுபாடு கண்கூடு. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டுச் சுவர்களில் பொருத்துவது வேறு சிக்கல். விரியும் போல்ட்டு சுவரை உள்ளிருந்து நெருக்கும்; சுண்ணாம்புக் காரையும் மென்செங்கல்லும் அந்த நெருக்கலில் உதிர்ந்துவிடும். அங்கே கம்பமே மேல்.

மேலே ஏறுவதற்கு முன் மைத்துனர் தாங்குகம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று சோதிப்பானை வைத்துப் பார்த்தார். கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ஆனால் கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியும் உலோகக் கவசமும் கடத்தும். எங்கோ ஒரு தெருவில் மின்கம்பி அதன்மேல் சாய்ந்திருந்தால் ஆபத்து இந்தத் தெருவுக்கும் வரும். மின்னலும் அப்படித்தான்: மழை இங்கே விட்டிருக்கலாம், கம்பியின் மறுமுனையில் இடித்துக்கொண்டிருக்கலாம். தொலைவில் இடி கேட்டதும் அரை மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டு வேனுக்குள் உட்கார்ந்தார்கள். உலோகக் கவசத்தைப் பெட்டிக்குள் இணைத்து நிலத்தில் புதைத்த மின்முனையோடு சேர்ப்பதும் இந்த அச்சத்தால்தான்.

நிலத்தடிக் குழிகளைப் பற்றி அவர் பேசும்போது குரலே மாறியது. மேலிருந்து பார்த்தால் வெறும் பள்ளம். உள்ளே ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போயிருக்கலாம், மீத்தேன் தேங்கியிருக்கலாம், அங்கே ஒரு மின்பொறி போதும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் நயவஞ்சகமானது. செறிவு கூடும்போது மோப்பமே மரத்துவிடும், வாயு போய்விட்டது என்று தோன்றும். வாயுமானியை இறக்கி அளக்காமல், காற்றோட்டம் கொடுக்காமல், மேலே ஓர் ஆள் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றக் குதிக்கவும் கூடாது. அப்படிக் குதித்தவர்கள் இரண்டாவது சடலமாக மேலே வந்திருக்கிறார்கள். இணைப்பு வேலைக்குப் பெட்டியை வெளியே எடுத்துவிடுவதே சரி.

இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி மீண்டும் கம்பத்தில் ஏறியது, வாய் கீழே, இரண்டு பட்டைகளோடு. நிலையத்திலிருந்து மறுபடி அளந்தார்கள்: 1550-இல் 0.04. மைத்துனர் தேதியையும் இழை எண்ணையும் பட்டியில் எழுதிக் கேபிளில் கட்டினார். விரிப்பைச் சுருட்டி, கண்ணாடிப் புட்டியின் மூடியை இறுக்கி, கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். அதற்குப் பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தோம்.