தறுவாய் நியமனம்

‘மிட்நைட் அப்பாயின்ட்மென்ட்’ என்பதை ‘நள்ளிரவு நியமனம்’ என்று அப்படியே பெயர்த்தால், ராத்திரி 12 மணிக்குக் கையெழுத்துப் போட்டதுதான் தப்பு என்பது போலப் படும். விஷயம் கடிகாரத்தில் இல்லை. பதவிக்காலம் முடியப்போகிறவர், அடுத்து வருபவர் நிரப்ப வேண்டிய இடங்களில் அவசர அவசரமாகத் தன் ஆட்களை உட்கார வைத்துவிட்டுப் போவதற்குத்தான் இந்தப் பெயர், அதிலும் அந்த இடம் நீதிபதி நாற்காலி என்றால் நியமித்தவர் போன பிறகும் பல வருஷம் அவர் கை அங்கே இருக்கும்.

பெயர் பிறந்தது அமெரிக்காவில். தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவியின் கடைசி நாளான 1801 மார்ச் 3 ராத்திரி வரை நியமன ஆணைகளில் கையெழுத்துப் போட்டார் என்று எதிரணியினர் ‘நள்ளிரவு நீதிபதிகள்’ என்று பேர் வைத்தார்கள். அதில் மார்பரி என்பவர் கைக்குப் போய்ச் சேராத ஓர் ஆணையால் வந்ததுதான் 1803-இல் தீர்ப்பான மார்பரி வழக்கு.

இதை அரசமைப்பிலேயே எழுதித் தடுத்த நாடு பிலிப்பைன்ஸ். அவர்களுக்குப் பட்ட அனுபவம் உண்டு: 1961 டிசம்பர் 29 அன்று, பதவி முடிய ஒரு நாள் இருக்கும்போது, அதிபர் கார்லோஸ் கார்சியா சுமார் 350 பேரை நியமித்தார். பிறகு வந்த 1987 அரசமைப்பு, அதிபர் தேர்தலுக்கு 2 மாதம் முன்பிலிருந்து பதவிக்காலம் முடியும் வரை நியமனமே கூடாது என்கிறது. காலியாக விட்டால் பொதுப்பணியோ பாதுகாப்போ கெடும் என்கிற நிர்வாகப் பதவிகளுக்குத் தற்காலிகமாக மட்டும் போடலாம். சரி, நீதிபதிகள்? அவர்களுக்கும் தடை உண்டு என்றது உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பு. ஆனால் 2010 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், தடை நிர்வாகம் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது, நீதித்துறை அத்தியாயத்தில் இல்லை, அங்கே காலியிடத்தை 90 நாளில் நிரப்பச் சொல்லியிருக்கிறது என்று காரணம் காட்டி உச்ச நீதிமன்றத்துக்குத் தடை பொருந்தாது என்றுவிட்டது. மே 10 தேர்தல், மே 12-இல் அதிபர் அரோயோ ரெனாடோ கொரோனாவைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். எந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது என்று பார்த்தவர்கள் எதற்காக எழுதினார்கள் என்று பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். கொரோனா 2012-இல் பதவிநீக்கத் தீர்மானத்தில் போனார், காரணம் சொத்துக்கணக்கை முழுதாகக் காட்டாதது.

நம் ஊரில் இந்தச் சிக்கல் ஏன் பெரிதாகத் தெரிவதில்லை? 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தது வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உத்தரவில் பெயர் அவருடையது, பரிந்துரை தேர்தல் ஆணையத்துடையது. நீதிபதி நியமனமும் அப்படித்தான், உச்ச, உயர் நீதிமன்றங்களுக்கு மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பெயர் அனுப்புகிறது, சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வரும் மாவட்ட நீதிபதியைக்கூட உயர் நீதிமன்றத்தைக் கலந்துதான் ஆளுநர் நியமிக்க முடியும். பிலிப்பைன்ஸில் ஒரு குழு பட்டியல் தரும், ஆனால் அதிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது அதிபர்தான்.

அப்புறம் தமிழ்ச்சொல். ‘கடைசி நேர நியமனம்’ புரியும், ஆனால் வெறும் தாமதம் என்றும் அர்த்தம் வரும். ‘சாகும் தறுவாயில்’ என்கிறோமே, அந்தத் தறுவாய்தான் இங்கே பொருந்தும்: ஒன்று முடியப்போகிற வேளை. ‘தறுவாய் நியமனம்’ என்று எழுதலாம்; நியமனம் வடசொல், வேண்டாம் என்பவர்கள் ‘தறுவாய் அமர்த்தம்’ என்று எழுதட்டும்.