மெல்லிய லேப்டாப்பின் சூடு எங்கே போகிறது?

"வீட்டு உபயோகத்துக்கென்று சின்னதாக, ஒரு கிலோ எடையில் லேப்டாப் வாங்கினேன். திறந்ததும் பறக்கிறது. வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே மந்தமாகிவிடுகிறது, அடிப்பக்கமும் சுடுகிறது. பழுதான மெஷினை என் தலையில் கட்டிவிட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பழுதெல்லாம் இல்லை. எடையையும் தடிமனையும் குறைத்ததற்கு அந்த லேப்டாப் கொடுக்கும் விலை அது. என்ன விலை, யாருக்கு அது கட்டுப்படியாகும் என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே உருவாகும் வெப்பத்தின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் படித்த ஆற்றல் அழிவின்மை விதிதான் இங்கேயும். பிராசசருக்குள் 15 வாட் மின்சாரம் போனால், ஏறத்தாழ அந்த 15 வாட்டும் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். அது பிறக்கும் இடமோ ஓரிரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான். அங்கிருந்து வெப்பத்தை உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால், நொடிகளில் 100 டிகிரியைத் தொட்டுவிடும்.

அப்புறப்படுத்தும் வேலையைச் செய்வது, எனக்கு மிகவும் பிடித்த ஒரு கருவி. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால், பிராசசர் மேலிருந்து ஓரத்து ஃபேன் வரை தட்டையான செம்புப் பட்டை ஒன்று ஓடுவது தெரியும். கெட்டிச் செம்பு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது குழாய். உள்ளே இருந்த காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் சுத்தமான தண்ணீரை மட்டும் விட்டு, இரண்டு முனைகளையும் அடைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் வெப்பக்குழாய்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீரின் கொதிநிலையும் குறையும். வெளியே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்குதான் இருக்கிறது என்றால் 40 டிகிரியிலேயே கொதிக்கும். குழாய்க்குள் நீரும் அதன் ஆவியும் தவிர வேறொன்றும் கிடையாது. எனவே எந்த வெப்பநிலையில் இருந்தாலும் அந்தத் தண்ணீர் கொதிநிலையின் விளிம்பிலேயே நிற்கிறது. பிராசசர் பக்கம் துளி சூடு கூடினால் போதும், அங்கே ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்குப் பாய்ந்து, ஃபேன் காற்றில் குளிர்ந்திருக்கும் சுவரில் பட்டு மறுபடி நீராகிறது. ஆவியானபோது விழுங்கிய உள்ளுறை வெப்பத்தை அங்கே கக்கிவிடுகிறது.

அந்த உள்ளுறை வெப்பத்தின் அளவுதான் அதிசயம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். கணக்குப் போட்டால், 15 வாட் வெப்பத்தைச் சுமக்க நொடிக்கு 6 மில்லிகிராம் தண்ணீர் ஆவியானால் போதும்! கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிதான் உங்கள் பிராசசரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நீரான பிறகு அது சூடான முனைக்குத் திரும்ப வேண்டுமே? பம்ப் எதுவும் இல்லை. குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சூட்டில் இறுக்கி, நுண்துளைகள் நிறைந்த ஒரு படலமாகப் பதித்திருப்பார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுவதைப் போல, தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக ஊர்ந்து வந்துசேர்கிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் வருடக்கணக்கில் இந்தச் சுற்று ஓடும். அதே பருமனுள்ள கெட்டிச் செம்பைவிடப் பல மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

இதன் அடிப்படை யோசனைக்கு ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1944-லேயே காப்புரிமை பெற்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாக மறுபடி கண்டடைந்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது விண்கலங்களின் மின்சக்திக்கான வழியை. மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் அன்று யார் கனவிலும் இல்லை. "இந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழாய் ஞாபகம் வரும். பயன் தெரிந்த பிறகுதான் பணம் தருவேன் என்றால், இப்படிப்பட்டவை பிறக்கவே பிறக்காது.

ஆனால் வெப்பக்குழாய் வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். கடைசியில் அதைக் காற்றிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மெல்லிய லேப்டாப் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபேன் சிறியது, எனவே அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழன்று கத்துகிறது. ஃபேனே இல்லாத மாடல் என்றால் உடம்பின் பரப்பு மட்டும்தான் வழி. 30 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும் உள்ள அடிப்பாகம், மேலும் கீழும் சேர்த்து, காற்றைவிட 15 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால்கூட 20 வாட்டுக்கும் குறைவாகத்தான் வெளியேற்றும். மெத்தையில் வைத்தால் அதிலும் பாதி போச்சு.

பிறகு ஏன் முதல் சில நிமிடங்கள் பறக்கிறது? உலோக உடம்பு வெப்பத்தைக் கொஞ்ச நேரம் உள்வாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ அலுமினியம் 10 டிகிரி சூடாக 9,000 ஜூல் வேண்டும். 15 வாட்டில் அதற்குப் 10 நிமிடம் ஆகும். அந்த இடம் நிரம்பியதும் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வாசகர் பார்த்த மந்தம் இதுதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிராசசரின் மின்செலவு அதிர்வெண்ணையும் (அதாவது அதன் வேகத்தையும்), மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் குறைந்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். இரண்டும் 20 சதவீதம் குறைந்தால், 0.8 × 0.8 × 0.8, அதாவது வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்துப் பாதிச் சூட்டைத் தவிர்ப்பது லாபமான பேரம். அதனால்தான் மெல்லிய லேப்டாப்கள் சாத்தியமாகின்றன. மெயில், பில் கட்டுவது, பிள்ளைகளின் ஆன்லைன் பாடம், படம் பார்ப்பது எல்லாம் விட்டுவிட்டு வரும் சிறு வேலைகள். அவற்றில் இந்தக் குறை தெரியவே தெரியாது. மணிக்கணக்கில் வீடியோ, கேம் என்றால் தடிமனான லேப்டாப்தான் சரி. வீட்டை விட்டு வெளியே போகாத மெஷினில் அரை கிலோ எடையை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறோம் என்பதே என் கருத்து.

"கதிர்வீச்சைத் தடுக்கும்" என்று சொல்லி லேப்டாப்பில் ஒட்ட ஸ்டிக்கர் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அது எதையும் தடுக்காது. காற்றுத் துளைமேல் ஒட்டினால் சூட்டைத்தான் கூட்டும். உண்மையில் கவனிக்க வேண்டியது சூடுதான். நாள்தோறும் வெறும் தொடையில் மணிக்கணக்காக வைத்திருந்தவர்களின் தோலில் வலைபோல் பழுப்புத் தடம் விழுந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மெல்லிய மாடல்களில் ரேம் பெரும்பாலும் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அதனால் வாங்கும்போதே தேவைக்குச் சற்று அதிகமாக வாங்கிவிடுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்ட வாசகருக்கு: பின்பக்கத்தை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தி, அடியில் காற்று போக வழி விடுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் என்றால் செட்டிங்ஸில் சார்ஜ் அளவை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கெடுப்பது முழுச் சார்ஜும் சூடும் ஒன்றாகச் சேர்வதுதான். வீடியோ எடிட் செய்யும் மெல்லிய லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.