பாதிரியார், அருள்தந்தை, சாமி

காரைக்குடி செக்காலையில் பக்கத்து வீட்டு அண்ணன் புது வீடு கட்டி முடித்தார். கத்தோலிக்கக் குரு வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கு அழைப்பிதழ் அடிக்க என்னையும் அச்சகத்துக்குக் கூட்டிப் போனார். கணினியில் இருந்த தம்பி, "அண்ணே, பாதிரியார்னு போடவா, அருட்தந்தைன்னு போடவா?" என்று கேட்டார். "எங்க அம்மா சாமின்னுதான் சொல்லும்" என்றார் அண்ணன். ஒரே ஆளுக்கு மூன்று சொல்.

லத்தீனில் 'பாத்தேர்' என்றால் தந்தை. அதிலிருந்து பிறந்த 'பாத்ரே', போர்த்துக்கீசியத்தில் கத்தோலிக்கக் குருவுக்கான பெயரானது. அதுதான் நம்மிடம் பாதிரி. நம் வீடுகளில் புழங்கும் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள்தாம். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் முகப்பிலேயே 'அண்டிறிக்கிப் பாதிரியார்' என்று இருக்கிறது. என்றீக்கே என்றீக்கசு என்ற சேசு சபைக் குருவைத்தான் அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். வந்த சொல்லுக்கு அப்போதே 'ஆர்' போட்டு மரியாதை கொடுத்துவிட்டார்கள். அந்த 'ஆர்' போனால் சொல்லின் மதிப்பும் போய்விடும். செட்டியார் என்று விளிக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. வெறும் 'பாதிரி' என்று எழுதாதீர்கள்.

குறிஞ்சிப்பாட்டில் பாதிரிப் பூ வருகிறதே, திருப்பாதிரிப்புலியூர் என்று ஊரே இருக்கிறதே என்று கேட்கலாம். அது மரம், பழந்தமிழ்ச் சொல். ஒலி ஒன்றாக அமைந்ததைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? தந்தை என்ற மூலப் பொருளை அப்படியே தாங்கி நிற்பது அருள்தந்தை. ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் கூட்டத்தைப் பங்கு என்பார்கள்; அதற்குப் பொறுப்பானவர் என்றால் பங்குத்தந்தை. அச்சகத் தம்பி சொன்ன 'அருட்தந்தை' எங்கும் பரவியிருந்தாலும் அது சரியான புணர்ச்சி இல்லை. அருள் + பணி அருட்பணி ஆகும். ஆனால் தகரம் வந்தால் ள், த இரண்டும் சேர்ந்து 'ட்ட' ஆகும். திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலைச் சுந்தரர் 'அருட்டுறை' என்று பாடினார். அருள் + துறை. அந்தக் கணக்கில் 'அருட்டந்தை' என்றுதான் வர வேண்டும். அது கண்ணுக்குப் பழக்கமில்லை என்றால், பிரித்து 'அருள்தந்தை' என்று எழுதுவதே நல்லது. ட், த இரண்டையும் ஒட்டி எழுதுவதை விட்டுவிடலாம்.

இது கத்தோலிக்கருக்கு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் போன்ற சீர்திருத்தச் சபைகளில் அருள்தந்தை என்று போடாதீர்கள். அங்கே குருவானவர், போதகர், ஆயர் என்பார்கள். ஆயர் என்ற சொல்லில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லத்தீன் 'பாஸ்டர்' என்றால் மேய்ப்பர். ஆநிரை மேய்க்கும் முல்லை நிலத்து ஆயரை அதற்கு இணையாகப் பிடித்தது அழகான மொழிபெயர்ப்பு. ஆனால் தமிழ் லுத்தரன் சபையில் ஆயர் என்றால் உள்ளூர்ச் சபையின் போதகர். கத்தோலிக்கத்தில் பல பங்குகள் சேர்ந்த ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவர். சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்றால் பிஷப். கத்தோலிக்கத்தில் அவருக்கும் மேலே, ஆர்ச்பிஷப். எந்தச் சபை என்று கேட்காமல் இந்த இரண்டு சொல்லையும் அச்சில் ஏற்றக் கூடாது.

அப்புறம், அம்மா சொல்லும் 'சாமி'. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, துறவியாக வாழ்ந்தார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவர் வழியில் காவி கட்டி வந்த ஜான் தெ பிரிட்டோ, நம் பக்கத்து ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். தேவகோட்டை தே பிரித்தோ பள்ளி அவர் பெயரில்தான் நடக்கிறது. மக்களுக்கு அவர் அருளானந்தர். துறவியைச் சாமி என்று கூப்பிடும் மண்ணில் இந்தத் துறவிகளும் சாமியார்தான். இதை யாரும் அகராதி பார்த்து உண்டாக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான்.

அழைப்பிதழில் 'பங்குத்தந்தை' என்று அச்சானது. மந்திரிப்பு அன்று வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "சாமி வந்துட்டாரு, மெழுகுதிரியப் பொருத்துங்க!"