மேற்கை முறிந்தால் கம்பிதான் வேண்டுமா?

இந்த மாதமும் ஒரு குடும்பம் வந்து நின்றது. காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்து மேற்கை முறிந்த மகனுக்குத் தகடு வேண்டாம், கம்பியே போடுங்கோ டொக்டர் என்று ஒரே பிடிவாதம். (தகடு எலும்பின் மேல் வைத்துத் திருகாணியால் பூட்டுவது, கம்பி எலும்புக்குள்ளே நீளமாக விடுவது.) எக்ஸ்ரே வட்ஸ்அப்பில் கனடாவுக்குப் போய், மாமாவிடமிருந்து தீர்ப்பும் வந்துவிட்டது.

காரணம் கேட்டால், கம்பிக்குச் சின்ன வெட்டுத்தானாம், பெரியப்பாவுக்குத் தொடையில் கம்பி வைத்துக் கெதியாக நடந்தவராம். தொடைக்கு நானும் கம்பிதான் வைப்பேன், உடம்புப் பாரத்தைத் தாங்குகிற எலும்பு அது. மேற்கைக்கு வழக்கமாகத் தோள்பக்கத்தால், கையைத் தூக்குகிற தசைநாரைப் பிளந்துதான் கம்பியை உள்ளே விடுகிறோம். தோலில் உள்ள சின்னக் காயத்தைப் பார்த்துச் சந்தோசப்படுகிறவர்கள் உள்ளே இருக்கிற காயத்தைக் கேட்பதேயில்லை. அப்புறம் தலை இழுக்கக் கை எழும்புதில்லை என்று கிளினிக்குக்கு வருவார்கள். எலும்பு பொருந்துவதில் கம்பிக்கும் தகட்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தோள்நோவும் மறுபடி ஒப்பரேஷன் செய்யவேண்டி வருவதும் கம்பியில்தான் கூட.

தகட்டுக்கு நீளமாக வெட்டவேண்டும், எலும்பைச் சுற்றி ஓடுகிற ஆரை நரம்பைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றவேண்டும் (அந்த நேரத்தில் தியேட்டரில் ஒருத்தரும் பகிடி விடமாட்டோம்). புற்றுநோய் பரவி முறிந்த எலும்பென்றால் நானே கம்பியைத்தான் யோசிப்பேன்.

தோல் கிழியாத மூடிய முறிவுகள் பலவற்றுக்கு இரண்டுமே தேவையில்லை. 1977இல் சார்மியென்டோ என்ற எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்த, மேற்கையைச் சுற்றி மாட்டுகிற கைக்கவசம் போதும். 20 பாகை முன்பின் வளைவு, 30 பாகை பக்க வளைவு வரை மேற்கை பொறுத்துக்கொள்ளும், வெளியே பார்த்தால் பெரிதாகத் தெரியாது. பொருந்தாமல் போகும் ஆபத்து ஒப்பரேஷனைவிட இதில் கூட என்பதால் கிளினிக் திகதியைத் தவறவிடக்கூடாது, அவ்வளவுதான்.

விழுந்தவுடன் மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறதா என்று பாருங்கோ. மணிக்கட்டைத் தூக்கவைப்பது அந்த ஆரை நரம்புதான்; ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு அது அடிபடும், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்பும். ஆனால் முறிவு வைத்தியரிடம் பத்துப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு மூன்று கிழமை கழித்து வந்தால், மணிக்கட்டு விழுந்தது விபத்தாலா, இறுக்கிக் கட்டினதாலா என்று நான் எப்படிச் சொல்வது? தயவுசெய்து முதலே வாங்கோ.

சிகரெட்டை நிறுத்துங்கோ, எலும்பு பொருந்தப் பிந்தும். விரல்களை முதல் நாளே மடக்கி நீட்டுங்கோ. மோதிரத்தைக் கை வீங்கமுதல் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாங்கோ, வார்டில் வெட்டி எடுத்தால் பிறகு எங்களோடுதான் சண்டை.