சிப்பி ஓட்டை எடைபோட்டுக் கார்பன் விற்காதீர்கள்

மறுபடியும் ஒரு திட்ட அறிக்கை வந்திருக்கிறது. பளபளப்பான அட்டை, உள்ளே நீலக்கடல் படங்கள், கடைசிப் பக்கத்தில் நிபுணர் கையெழுத்துக்கு இடம். கழிமுகத்தில் சிப்பி வளர்க்கப் போகிறார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் வருமானக் கணக்கில், சிப்பி இறைச்சிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: ஓட்டில் சேமிக்கப்படும் கார்பன் டை ஆக்சைடு. ஓட்டின் எடையை 0.44-ஆல் பெருக்கி, அத்தனை டன்னுக்கும் கார்பன் கிரெடிட் (காற்றிலிருந்து நீக்கிய கார்பன் டை ஆக்சைடுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) வாங்கிவிடலாம் என்று போட்டிருக்கிறார்கள். இந்த வரியைப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் பார்த்தேன், யூடியூபில் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். இப்போது இதை வைத்து மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள் என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மேடம், ஓட்டுல கார்பன் இல்லையா?" என்று அறிக்கை அனுப்பியவர் கேட்டார். இருக்கிறது. ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் 100 கிராமில் 12 கிராம் கார்பன். கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சொன்னால் 44 கிராம். பெருக்கல் சரி, குறிதான் தப்பு. கூட்டல் போட்ட இடத்தில் கழித்தல் வரவேண்டும்.

கடல் உயிர் ஓடு கட்டும்போது கார்பன் டை ஆக்சைடு உள்ளே போவதில்லை, வெளியே வருகிறது. இதைச் சொன்னால் கடல் உயிரியல் படித்தவர்கள்கூட ஒரு கணம் விழிக்கிறார்கள். கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் சுமார் 90 சதவீதம் பைகார்பனேட், அதாவது கார்பன் டை ஆக்சைடு நீரோடு வினைபுரிந்து மாறிய கரைந்த வடிவம். மீதியில் பெரும்பகுதி கார்பனேட். கார்பன் டை ஆக்சைடாகவே கரைந்து நிற்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஓடு கட்ட ஒரு கால்சியத்துக்கு இரண்டு பைகார்பனேட் செலவாகிறது. ஒன்று ஓட்டுக்குள் போகிறது. மற்றொன்று கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக உடைகிறது. அப்படி வந்த வாயுவில் ஒரு பங்கைக் கடல்நீரே பைகார்பனேட்டாக மாற்றித் தாங்கிக்கொள்ளும். மிச்சம்? இன்றைய கடல்நீரில் ஒரு மூலக்கூறு ஓட்டுக்குச் சுமார் 0.6 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு. அதாவது 100 கிராம் ஓட்டுக்கு 44 கிராம் வரவு என்று எழுதிய இடத்தில், உண்மையில் 26 கிராம் செலவு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓட்டில் இருக்கும் கார்பன் புதிதாகக் காற்றிலிருந்து இறங்கியதல்ல. ஏற்கெனவே பைகார்பனேட்டாகக் கடலில் பத்திரமாகக் கரைந்திருந்தது. பத்திரமாக இருந்ததை எடுத்து, பாதியை ஓடாக்கி, மறுபாதியை வாயுவாக்கியதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கடல்நீரை ஆராயும் எங்கள் தொழிலில் அதன் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறனை, விடாமல் அளப்பது இதனால்தான். ஓடு உருவானால் கரைந்த கார்பன் ஒரு பங்கு குறையும்போது காரத்தன்மை இரண்டு பங்கு குறையும். இரண்டையும் அளந்தால் அங்கே ஒளிச்சேர்க்கை நடந்ததா, ஓடு கட்டும் வேலை நடந்ததா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். பி.எச் (அமில-கார அளவு; எண் குறைந்தால் அமிலத்தின் பக்கம் நகர்கிறது என்று பொருள்) மட்டும் பார்த்தால் முடியாது. அதிலும் ஆன்லைனில் வாங்கிய பேனா வடிவ மீட்டரை மெரினாவில் முக்கி எடுத்து 'கடல் அமிலமாகிவிட்டது' என்று படம் போடுகிறவர்களை என்ன சொல்ல? திறந்த கடலின் பி.எச் ஆண்டுக்குக் குறைவது சுமார் 0.002. அந்த மீட்டரின் பிழையே 0.1. ஐம்பது வருட மாற்றம் அதன் கை நடுக்கத்துக்குள் அடங்கிவிடும். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளிலோ பகலுக்கும் இரவுக்குமே அதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு வரும்.

மிதவை உயிரிகளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். காக்கோலித்தோஃபோர் என்றொரு ஒற்றைச் செல் பாசி. உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை அடுக்கிக்கொள்ளும். வட அட்லாண்டிக்கில் இது பல்கிப் பெருகும்போது கடல் பால் கலந்த நீலமாக மாறும், செயற்கைக்கோளில் இருந்தே தெரியும். அந்தப் படத்தைப் போட்டு 'கார்பனை விழுங்கும் கடல்' என்று தலைப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 1991 கோடையில் வடகிழக்கு அட்லாண்டிக்கில் இப்படி ஒரு பெருக்கத்தைக் கப்பலில் போய் அளந்தார்கள். அந்தப் பரப்பில் கடல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுப்பது கூடவில்லை, குறைந்திருந்தது. தகடு கட்டும் வேலை ஒளிச்சேர்க்கையின் லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

அதற்காக அந்தப் பாசியைத் திட்டவேண்டாம். அதன் தகடுகள் கனமானவை, கூடவே உயிர்க்கழிவையும் ஆழத்துக்கு இழுத்துப் போக உதவுகின்றன என்ற வாதம் வலுவானது. எவ்வளவு இழுக்கிறது என்பதில் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஆனால் காற்றுக்கு நன்மை செய்வது ஆழத்துக்கு இறங்கும் மென்மையான பகுதி, அதாவது ஒளிச்சேர்க்கையில் உருவான உடம்பு; தகடு அல்ல. உலகின் தாவர மிதவை உயிரிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உணவாக்குகின்றன. அதில் பெரும்பகுதியை மேல்மட்டத்திலேயே யாரோ தின்று மூச்சாக விட்டுவிடுகிறார்கள்.

இங்கே விவரமான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: "அப்போ அரியலூர்?" நல்ல கேள்வி. சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் அந்தச் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது படிந்தது. சிப்பி ஓடுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அத்தனையும் கார்பன்தானே? ஆமாம். ஆனால் காற்றிலிருந்து அதை இறக்கியது சிப்பி அல்ல, மழையும் பாறையும். கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் சிலிக்கேட் பாறைகளை அரித்து, பைகார்பனேட்டாக ஆற்றில் விட்டது. இறக்கிய இரண்டு பங்கில் ஒன்றைச் சிப்பி ஓட்டில் வைத்தது, இன்னொன்றைக் காற்றுக்கே திருப்பியது. இந்த வரவுசெலவு முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். உங்கள் திட்டக்காலம் பத்து வருடம்.

உண்மையில் ஓட்டு உயிரிகள் இந்தக் கதையில் பாதிக்கப்படுகிறவர்கள். நாம் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு பி.எச் இப்போது 8.1-க்கு வந்துவிட்டது. அமிலம் ஆகவில்லை, குளித்தால் தோல் எரியாது, பயப்படாதீர்கள். ஆனால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி கிரீக் சிப்பிப் பொரிப்பகத்தில் 2007, 2008 வாக்கில் சிப்பிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முதலில் பாக்டீரியா என்று நினைத்தார்கள். பிறகுதான், ஆழத்திலிருந்து மேலெழும் கார்பன் மிகுந்த நீர் குழாய் வழியே உள்ளே வருவது தெரிந்தது. அதன்பின் நீரை விடாமல் அளக்கிறார்கள், தேவைப்படும்போது சோடியம் கார்பனேட் சேர்க்கிறார்கள்.

சுயஉதவிக் குழுத் தோழிகளே, ஓட்டுக்குக் கார்பன் காசு வரும் என்று யார் சொன்னாலும் பதிவுக் கட்டணம் கட்டாதீர்கள். ஓடு கட்டும்போது வெளியேறும் வாயுவையும், சிப்பி விடும் மூச்சையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டீர்களா என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள். தொழிலை விட்டுவிடவும் வேண்டாம். சிப்பிக்குத் தீவனம் போடவேண்டியதில்லை, தண்ணீரை வடிகட்டியே தின்னும், நல்ல புரதம் தரும். உணவு என்ற ஒரே காரணம் போதாதா?

ஆசிரியர்களுக்கு: 'ஓடு கார்பனைப் பூட்டுகிறது' என்ற அந்தச் சார்ட்டைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு கால்சியமும் இரண்டு பைகார்பனேட்டும் ஓடாகும் அந்தச் சமன்பாட்டை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடு நிற்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

அப்புறம், இறைச்சி எடுத்தபின் மிஞ்சும் ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பாதீர்கள். சுட்டால் உள்ளே இருக்கும் அந்த 44 கிராமும் வெளியே வந்துவிடும். அரைத்துக் கோழித் தீவனத்தில் சேர்க்கலாம். இல்லையென்றால் கழுவி, காயவைத்து, கோர்த்துக் கழிமுகத்திலேயே தொங்கவிடுங்கள். சிப்பிக் குஞ்சு ஒட்டுவதற்குப் பழைய ஓட்டைவிட நல்ல இடம் கிடையாது.